காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே உதவுமா, இல்லை வெறும் விளம்பரமா?

உதவும் என்பதுதான் என் பதில். இதைப் பற்றிக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, விமானம் போன வழியில் வானத்தில் நிற்கும் அந்த வெள்ளைக் கோடு.

அதைப் புகை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது பனித்துகள். குளிர்ந்த, ஈரப்பதம் மிகுந்த காற்றுக்குள் விமானம் நுழையும்போது, எஞ்சின் வெளிவிடும் நீராவி கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு உறைந்துவிடுகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரமே கலைந்துவிடும். ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் பரந்து மெல்லிய மேகமாகி, பூமியிலிருந்து மேலே போக வேண்டிய வெப்பத்தைப் போர்வை மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். விமானங்களால் வரும் வெப்பமாதலில் மூன்றில் ஒரு பங்கு இதனால்தான் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது.

அந்த ஈரக் காற்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், விமானி கொஞ்சம் மேலேயோ கீழேயோ பறந்து தப்பித்துக்கொள்ளலாம். இதைத்தான் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 விமானப் பயணங்களில் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டன. செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொன்ன உயரங்களைத் தவிர்த்துப் பறந்ததில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. பாதை மாறிய விமானங்களுக்கு 2 சதவீதம் எரிபொருள் கூடுதலாகச் செலவானது. புது எஞ்சின் இல்லை, புது எரிபொருளும் இல்லை. சரியான நேரத்தில் கிடைத்த ஒரு தகவல், அவ்வளவுதான்!

காற்றாலைகளிலும் இதே கதைதான். நாளை எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்பே தெரிந்தால் அதை நம்பித் திட்டமிடலாம். கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 36 மணி நேரம் முன்கூட்டியே கணிக்கும் முறையை 2019இல் அறிவித்தது.

சரி, இந்தக் கணினிகளே மின்சாரத்தை விழுங்குகின்றனவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதம், இப்படிப்பட்ட கணினிகள் கூட்டமாக இயங்கும் தரவு மையங்களுக்குப் போனது. 2030க்குள் அந்தப் பயன்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம் என்றும் அது சொல்கிறது. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், மேலே சொன்ன லாபமெல்லாம் இந்தப் பக்கம் கரைந்துவிடும். அதனால் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: தகவல் கிடைத்தும் யாரும் செயல்படாமல் இருப்பது. எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் அது கசிவதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து செயற்கை நுண்ணறிவின் துணையோடு கண்டுபிடித்து, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. இடம் தெரிகிறது. பெரும்பாலான கசிவுகளை அடைக்கும் தொழில்நுட்பமும் கையில் இருக்கிறது. ஆனாலும் 2024 அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் அனுப்பிய 1,200 எச்சரிக்கைகளில் ஏறத்தாழ 1 சதவீதத்துக்குத்தான் பதில் வந்திருந்தது. அடுத்த ஆண்டு அது 12 சதவீதமாக உயர்ந்தது. உயர்ந்ததில் சந்தோஷம்தான். அப்புறம், பதிலே வராத மற்ற இடங்களில் வாயு இன்னும் கசிந்துகொண்டிருக்குமே என்று மனது அடித்துக்கொள்கிறது.