ஸ்டீமுக்கு 30 சரி, தரகருக்கு எதற்குப் பாதி?

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து கணினி கேம் ஒன்றை முடித்திருக்கிறோம். விலை ₹400. கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 30 சதவீதம் எடுக்குமாம். இங்கே ஒருவர் தன் ஸ்டீம் கணக்கில் வெளியிட்டுத் தருகிறேன், 'பாதிக்குப் பாதி' என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ₹400-ல் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அது போக ₹339. ஸ்டீமின் பங்கு ₹102 கழிந்தால் மிச்சம் ₹237. இதில் பாதி என்றால் உங்களுக்கு ₹118. 339-ல் பாதி என்று பத்திரத்தில் இருந்தால் அவருக்கு ₹170, உங்கள் மூவருக்கும் சேர்த்து ₹67! 'விளம்பரச் செலவை முதலில் கழிப்போம்' என்று வரம்பில்லாமல் ஒரு வரி எழுதிவிட்டால் அந்த 67-ம் வராது. கணக்கு அவருடையது என்பதால் விற்பனை விவரமும் அவர் காட்டினால்தான் உண்டு.

நீங்களே கணக்குத் தொடங்குங்கள். ஒரு கேமுக்கு ஸ்டீமில் கட்ட வேண்டிய கட்டணம் 100 டாலர். விற்பனை 1,000 டாலர் தாண்டியதும் அது திரும்பி வரும். கட்டி 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஸ்டீம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால் இருக்கும், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்திருக்கும். பணம் நிற்பது இங்கேதான். முதலில் வங்கியில் திருத்துங்கள்.

ஸ்டீம் கேட்கும் வரிப் படிவத்தில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். அமெரிக்கர்கள் வாங்கும் பிரதிகளின் வருமானத்தில் மட்டும் அந்நாட்டு வரி பிடிப்பார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டு, பான் எண்ணைக் கொடுத்தால் 15 சதவீதம். அந்த இடத்தைக் காலியாக விட்டால் 30. இந்தியாவில் விற்றதற்கு இந்தப் பிடித்தம் கிடையாது. பிடித்ததை இங்கே கட்டும் வரியில் ஈடுசெய்ய ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

30 நியாயமா? இல்லை. 1 கோடி டாலர் விற்றவருக்கு அதற்கு மேல் 25, 5 கோடிக்கு மேல் 20. முதல் நூறு பிரதி விற்கத் திணறுபவருக்கு முழு 30. இந்தத் தலைகீழ்ப் படிக்கட்டு 2018 முதல் இருக்கிறது. எபிக் என்ற இன்னொரு கேம் கடை 12 சதவீதம்தான் வாங்குகிறது. 2025 ஜூன் முதல் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலருக்கு அதுவும் இல்லை. இட்ச் என்ற கேம் விற்பனைத் தளத்தில் தளத்துக்குத் தரும் பங்கை நீங்களே குறிக்கலாம். ஆனாலும் வாங்குகிற கூட்டம் ஸ்டீமில்தான். எல்லாவற்றிலும் போடுங்கள், ஸ்டீம் தடுப்பதில்லை, தரகரின் 'பிரத்யேக உரிமை'தான் தடுக்கும்.

அவருடைய உதவி தேவையென்றால் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். உங்கள் கணக்கில் அவரைப் பயனராகச் சேர்த்து, கடைப் பக்கத்தைத் திருத்தும் அனுமதி மட்டும் தாருங்கள். நிதி அனுமதியைத் தொடாதீர்கள்.