கார் உலர்த்தும் ப்ளோவரில் ஹோஸ் ஏன் கழல்கிறது? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கார் கழுவியபின் ஈரத்தை ஊதித் தள்ள ப்ளோவர் வைத்திருக்கிறேன். வாங்கிய புதிதில் ஹோஸ் இறுக்கமாக இருந்தது. இப்போது வேலைக்கு நடுவே மெஷினிலிருந்து கழன்று விழுகிறது. வாக்குவம் கிளீனரின் ஹோஸும் இதே மாதிரி வெறுமனே செருகியதுதான், அது மட்டும் கழல்வதே இல்லையே?

பதில்: வாக்குவம் கிளீனர் காற்றை உள்ளே இழுக்கிறது. ஹோஸுக்குள் அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று ஹோஸை மெஷினோடு சேர்த்து அமுக்குகிறது. ஓடும்போது இணைப்பு இன்னும் இறுகும். ப்ளோவரில் நடப்பது நேரெதிர். உள்ளே அழுத்தம் கூடி ஹோஸை மெஷினிலிருந்து வெளியே தள்ளுகிறது. அதனால் வாக்குவம் கிளீனருக்குப் போதுமான வெறும் செருகல், ப்ளோவருக்குப் போதவே போதாது.

விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். 38 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 11 சதுர செ.மீ. குறுகலான நாசில் மாட்டி உள்ளே 20 கிலோபாஸ்கல் அழுத்தம் ஏறினால், இணைப்பைத் தள்ளும் விசை 2.3 கிலோ எடைக்குச் சமம். அதே அழுத்தத்தில் 50 மி.மீ. ஹோஸ் என்றால் 4 கிலோ. ஹோஸின் விட்டம் பெரிதாக இருந்தால் உறுதியாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளும் விசையும் சேர்ந்து கூடுகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

இதோடு சூடும் சேர்கிறது. வெளிவரும் காற்று சுற்றுப்புறத்தைவிட 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருப்பது சாதாரணம். ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றோட்டம் குறைந்து சூடு இன்னும் ஏறும். சூட்டில் பிளாஸ்டிக் இளகி, கப்ளிங்கின் (ஹோஸை மெஷினோடு இணைக்கும் முனைத் துண்டின்) வாய் மெல்ல விரிந்துவிடும். மடிப்பு வைத்த ஹோஸ் மெஷினை ஆன் செய்ததும் நீளும், ஆஃப் செய்ததும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் இணைப்பு முன்னும் பின்னும் அசைகிறது. முதலில் இருந்த இறுக்கம் போனது இப்படித்தான்.

முதல் வேலையாக ஃபில்டரைக் கழற்றித் தூசு தட்டுங்கள். கழுவக்கூடியது என்றால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அடுத்து கப்ளிங்கின் உள்பக்கத்தையும் மெஷினின் காற்று வாயையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். ஷாம்பு, மெழுகுப் படலம் ஒட்டியிருந்தாலே வழுக்கும். துடைத்தும் ஆடினால் கிளாம்ப்தான் (ஹோஸைச் சுற்றி இறுக்கும் பட்டைதான்) வழி. அதை எப்படிப் போடுவது என்று கீழே பாருங்கள்.

கேள்வி: என் மெஷினில் செருகித் திருப்பும் லாக் இருக்கிறது. ஆனாலும் திறந்துகொள்கிறது, ஒரு காது (லாக்கில் மாட்டும் சிறு நீட்டல்) உடைந்தும் போயிற்று. லாக் இருந்துமா?

பதில்: தானே திறப்பதற்குக் காரணம் முறுக்கு. மெஷினை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஒரே திசையில் காரைச் சுற்றி வந்தால் ஹோஸில் வளையங்கள் விழும். வளையத்தைப் பிரிக்காமல் இழுத்தால், ஒவ்வொரு வளையமும் ஒரு முழு முறுக்காக மாறி இணைப்புக்குப் போய்ச் சேரும். அந்த முறுக்கு லாக் திறக்கும் திசையில் இருந்தால், நீங்களே கையால் திருப்பித் திறந்ததற்குச் சமம். ஒரு பக்கம் முடித்ததும் வந்த வழியே திரும்பி வந்து மறுபக்கத்தைத் தொடங்குங்கள். கைப்பிடி முனையில் சுழல் மூட்டு உள்ள ஹோஸ் கிடைத்தால் தயங்காமல் அதற்கு மாறுங்கள். முறுக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

காது உடைவது பெரும்பாலும் ஹோஸைப் பிடித்து மெஷினை இழுப்பதால். சக்கரம் இருப்பதால் எளிதாக வருகிறது, ஆனால் இழுவை முழுவதும் அந்தச் சிறு பிளாஸ்டிக் காதுகளில் இறங்குகிறது. மெஷினின் கைப்பிடியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இணைப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஹோஸில் கட்டுங்கள். கயிறு அந்த 30 செ.மீ. ஹோஸைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். அப்போது இழுவை கயிற்றுக்குப் போகும், லாக்குக்குப் போகாது. செலவே இல்லாத இந்த வேலை, விலை உயர்ந்த கப்ளிங்கைவிட அதிகம் உதவும். உடைந்த காதைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பரப்பு மிகச் சிறியது; சூட்டில் விட்டுவிடும். கப்ளிங்கையே மாற்றுங்கள்.

கேள்வி: கிளாம்ப் போடும் முறையைச் சொல்லுங்கள். நான் போட்டது இறுக்கியும் காற்று கசிகிறது.

பதில்: உங்கள் ஹோஸில் சுருள் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், சாதாரண கிளாம்பின் பட்டை கம்பி மேட்டின் மேல் ஏறி நிற்கும். அதன் இரு பக்கமும் இடைவெளி விழும். கசிவு அங்கேதான். கம்பி கடக்கும் இடத்தில் பட்டை மேடாக வளைந்திருக்கும் பாலம் வைத்த கிளாம்ப் கிடைக்கிறது. கம்பி ஹோஸுக்கு அதுதான் சரி. கம்பி இல்லாத ஹோஸுக்குத் திருகு வைத்த சாதாரண கிளாம்ப் போதும், 9 மி.மீ., 12 மி.மீ. பட்டைகளில் 12 மி.மீ. அகலத்தை எடுங்கள். அகலப் பட்டை அழுத்தத்தைப் பரப்பும், ஹோஸை வெட்டாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். தளர்ந்து விரிந்த முனையில் 5 செ.மீ. அளவு, மடிப்பின் பள்ளத்தை ஒட்டியே நேராக வெட்டி எடுங்கள். கம்பி இருந்தால் அதைக் கட்டிங் பிளேயரால் தனியாக வெட்டி, கூரான நுனியை வெளிப்பக்கம் மடக்குங்கள். பழைய கப்ளிங் ஹோஸின் மேல் மரைபோல ஏறியிருக்கும். பல கப்ளிங்குகள் இடது மரை என்பதால், கழலவில்லை என்றால் பலம் காட்டாமல் மறுதிசையில் திருப்பிப் பாருங்கள். புதிய முனையை வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் இளகும். குறைந்தது 3 செ.மீ. ஏற்றி, முழுவதும் ஆறிய பிறகு கிளாம்பை விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து இறுக்குங்கள். ஹோஸைக் கையால் திருப்ப முடியாத நிலை வந்ததும் கால் சுற்று கூடுதல், அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் வாய் முட்டை வடிவத்துக்கு நசுங்கி, முன்னைவிட அதிகம் கசியும்.

கப்ளிங்கைத் துளைத்து ஸ்குரூ போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்குரூவோ துளையிட்ட தூளோ உள்ளே விழுந்தால் அது காற்றோடு பறந்து நேராகப் பெயின்ட் மேல்தான் போய் அடிக்கும்.

கேள்வி: டேப் சுற்றலாமா? இறுகிப்போன லாக்குக்கு கிரீஸ்?

பதில்: துணி டேப்பின் பசை சூட்டில் வழுக்கும், அன்றைய வேலையை முடிக்க மட்டும் உதவும். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப்பை இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி மேலேற்றிச் சுற்றினால் கசிவு நிற்கும். ஆனால் தள்ளும் விசையை அது தாங்காது.

கிரீஸ் வேண்டாம். பெட்ரோலியக் கிரீஸ், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளில் சிலவற்றை ஊத வைக்கும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் விரிசலும் விடலாம். காற்றுப் பாதையில் பட்டால் துளித்துளியாகக் கார் மேல் தெறிக்கும். சிலிக்கோன் எண்ணெய் என்றால் தெறித்த இடத்தில் பின்னாளில் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். லாக் இறுகிவிட்டால் மணலும் சோப்பும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். கழுவுங்கள்.

கேள்வி: 5 மீட்டர் ஹோஸோடு இன்னொரு 4 மீட்டரை இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும். நடு இணைப்பு வெறும் செருகலாக இருக்கக் கூடாது. இரு பக்கமும் கிளாம்ப் வேண்டும். குட்டைத் துண்டை மெஷின் பக்கம் வையுங்கள், இணைப்பு தரையில் ஓரளவு அசையாமல் கிடக்கும். கைப்பக்கம் வைத்தால் காரின் கதவில் உரசும்.

கேள்வி: நாசில் பறந்து வந்து பானட்டில் கோடு விழுந்துவிட்டது. அதற்கும் கிளாம்ப் போடலாமா?

பதில்: உலோகக் கிளாம்ப் அங்கே கூடவே கூடாது, அதன் திருகே அடுத்த கோட்டைப் போடும். ரப்பர் முனையுள்ள நாசிலுக்கு மாறுங்கள். அதிலும் வாய் அகலமானதைத் தேர்ந்தெடுங்கள். வாய் குறுகக் குறுக உள்ளழுத்தம் ஏறி நாசிலையும் மெஷின் பக்க இணைப்பையும் சேர்த்தே தள்ளும். நாசிலையும் கைப்பிடியையும் ஒரு கேபிள் டையால் தளர்வாகக் கோத்துவிட்டால், கழன்றாலும் தொங்கும், பறக்காது. டையின் வெட்டிய நுனி காரைப் பார்க்காமல் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: புதிதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: காற்றின் வேகத்தை விளம்பரம் சொல்லிவிடும். இணைப்பை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். ஹோஸை மாட்டி, கொக்கித் தராசால் நேராக 10 கிலோ வரை இழுங்கள். அசையக் கூடாது. பிறகு லாக் திறக்கும் திசையில் ஹோஸை முறுக்குங்கள். தடுக்கும் பொத்தானோ கொக்கியோ இல்லாமல் திறந்தால் அந்த மெஷின் வேண்டாம். இரண்டு காதைவிட மூன்று காது நல்லது. இழுவை சமமாகப் பிரியும். கப்ளிங், ஓ-ரிங் இரண்டும் தனி உதிரிபாகமாகக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். சுவரில் மாட்டுவதாக இருந்தால் காற்று வாய் கீழே பார்க்கும்படி மாட்டி, வாயிலிருந்து 40 செ.மீ.க்குள் ஹோஸைத் தாங்க ஒரு கொக்கி அடியுங்கள்.