கடை, அலுவலகம் இடம் மாறும்போது தண்ணீர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கட்டடங்களின் குழாய், தொட்டி, மோட்டார் வேலைகளோடு பல வருடங்களாக இருக்கிறேன். இடம் மாறுகிறவர்கள் பெயர்ப்பலகை எங்கே மாட்டுவது என்பது வரை யோசித்து வைத்திருப்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "டேப் இருக்கே சார், திறந்தா வரும்" என்பார்கள். வரும்தான். எப்படிப்பட்ட தண்ணீர், எவ்வளவு, யார் கணக்கில் வரும் என்பதுதான் கேள்வி. கேட்டவர்களின் தொழிலை மட்டும் குறித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தின் நிர்வாகி: வணக்கம் சார். அடுத்த மாதம் புதுக் கட்டடத்துக்குப் போகிறோம். ஐந்து மாதமாகப் பூட்டியே கிடந்த இடம். தண்ணீர் விஷயத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது "ஐந்து மாதமாகப் பூட்டி" என்பதுதான். குழாய்க்குள் நின்ற தண்ணீரில் குளோரின் சில நாளிலேயே போய்விடும். அதன்பிறகு குழாயின் உள்சுவரில் வழவழப்பான படலம் பிடிக்கும், கிருமிகள் அதில் குடியிருக்கும். உலோகக் குழாயாக இருந்தால் துருவும், பழைய கட்டடமாக இருந்தால் ஈயமும் தண்ணீரில் கரையும்.

கிருமிகளில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது லெஜியோனெல்லா. 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் மாநாட்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நிமோனியாவில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். காரணமான கிருமியை அடுத்த ஆண்டுதான் கண்டுபிடித்தார்கள். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தண்ணீரில் அது பெருகும். பூட்டிய கட்டடத்தில் தொட்டியும் கீசரும் பெரும்பாலும் இந்த வெப்பத்தில்தான் இருக்கும். இந்த நோய் குடிப்பதால் வருவதைவிட, தண்ணீர்த் திவலையை மூச்சில் இழுப்பதால்தான் அதிகம் வருகிறது. அதனால் ஷவரையும் ஸ்ப்ரே டேப்பையும் முதல் நாளே முழு வேகத்தில் திறந்துவிட்டு அருகில் நிற்காதீர்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, ஒரு ஹோஸை மாட்டி நேராக வடிகாலுக்குள் விடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் தொட்டியைக் கழுவுங்கள், அப்புறம் குழாய். தொட்டி அழுக்காக இருக்கும்போது குழாயை அலசினால் அழுக்கைக் குழாய்க்குள் இறக்கிவிட்டதாகத்தான் ஆகும். டேப் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்து டேப்பிலிருந்து ஆரம்பித்துக் கடைசி டேப் வரை ஒவ்வொன்றாகத் திறந்து விடுங்கள். குளிர்ந்த தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு. எத்தனை நிமிடம் என்று என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். நிமிடக் கணக்கைவிடக் குழாய்க் கணக்கே சரி. உள்விட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நிற்கும். 50 மில்லிமீட்டர் என்றால் இரண்டு லிட்டர். நூறு மீட்டர் நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் குழாய் ஓடினால் உள்ளே நிற்பது 50 லிட்டர். அதைப் போல நான்கைந்து மடங்காவது வெளியேற வேண்டும். நிறமும் வாடையும் போய், வரும் தண்ணீரின் குளிர்ச்சி மாறாமல் நிலைத்தால் புதுத் தண்ணீர் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

குடிபோகும் நாள் வரை வாரம் ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை அலசிவிட்டு மூன்று வாரம் பூட்டி வைத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

அதே நிர்வாகி: அலசியபின் குடிக்கலாமா சார்?

பரிசோதனை முடிவு கையில் வரும்வரை வேண்டாம். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், ஈயமும் இருக்கும். 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. டேப்பில் மீதமிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஈயத்துக்கு மாதிரி எடுக்கும்போது இரவு முழுக்க டேப்பைத் திறக்காமல் வைத்து, காலையில் வரும் முதல் தண்ணீரைப் பிடியுங்கள். ஓட விட்டுப் பிடித்தால் ஈயம் தப்பித்துவிடும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை அலசாதீர்கள். உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து போட்டிருப்பார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும் என்பதால், குடிபோவதற்கு மூன்று வாரம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

சிறிய சமையல் கூடம் நடத்தும் பெண்மணி: அண்ணா, 2,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. கழுவியபின் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்? ஆளாளுக்கு ஒரு அளவு சொல்றாங்க.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் அம்மா. காலியாகக் கிடந்த தொட்டியையும் குழாயையும் சுத்திகரிக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வைத்து, ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும். 2,000 லிட்டருக்கு அது 100 கிராம் குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 300 கிராம் பவுடர். பாக்கெட் பிரித்துப் பல மாதம் ஆனதென்றால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். பிறகு ஒவ்வொரு டேப்பையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். வாடை எந்த டேப்பில் வரவில்லையோ அந்தக் கிளைக்கு மருந்து போகவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் முழுவதையும் வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி, வாடை போகும்வரை அலசுங்கள். அதுவரை எந்த டேப்பிலும் யாரும் குடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் எந்தக் காரணத்துக்கும் சேரக் கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு வரும். அடுத்தது, மூடிய தொட்டிக்குள்ளும் சம்ப்புக்குள்ளும் யாரையும் தனியாக இறக்காதீர்கள். மூச்சுக் காற்று குறைந்து உள்ளேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இதில் பெரிய கொடுமை. கழுவும் வேலையை வெளியில் நின்று செய்ய முடியாவிட்டால், அதற்குப் பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அதே பெண்மணி: பழைய கடையில் இருந்த ஆர்.ஓ. மெஷினை அப்படியே கொண்டுபோய் மாட்டலாமா அண்ணா?

மெஷினை மாட்டலாம், உள்ளே இருக்கும் ஃபில்டர்களைப் புதிதாகப் போடுங்கள். காய்ந்துபோன மெம்பிரேன் (தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வு) திரும்பச் சரியாக வேலை செய்யாது. மேலே சொன்ன குளோரின் வேலை முடியும்வரை மெஷினுக்குப் போகும் லைனை மூடியே வையுங்கள், குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். மாட்டியபின் முதலில் நிரம்பும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

துணிச் சலவை நிலைய உரிமையாளர்: ஐயா, புது இடத்தில் தண்ணீர் போதுமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டு உரிமையாளர் "தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை" என்கிறார்.

அவர் சொல்வது உங்களுக்கு முன்பு இருந்த வாடகைதாரரின் தேவையை வைத்து. அந்த வாடகைதாரர் துணி வெளுத்திருக்க மாட்டார்.

உங்கள் தேவைக்குச் சாட்சி உங்கள் பழைய மீட்டர்தான். வேலை அதிகமான ஒரு நாளில் ஒவ்வொரு மணிக்கும் போய் ரீடிங் எழுதுங்கள். நாள் மொத்தம் தொட்டியின் அளவைச் சொல்லும். அதிகம் ஓடிய ஒரு மணி நேரம் குழாயின், மோட்டாரின் அளவைச் சொல்லும். இரண்டும் வேறு வேறு கணக்கு, பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

புது இடத்துக்கு ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் கொண்டு போங்கள். 20 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். அத்தோடு விடாதீர்கள், இன்னும் இரண்டு டேப்பைத் திறந்து வைத்துவிட்டு அதே வாளியை மறுபடி பிடியுங்கள். ஒரு டேப்பில் பொங்கி வரும் தண்ணீர் மூன்று டேப் திறந்ததும் நூலாக இளைத்தால், உள்ளே குழாய் சிறியது, அல்லது துரு அடைத்திருக்கிறது. நீங்கள் மெஷின் ஓட்டும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணி வேகம் வேறு, மதியம் மூன்று மணி வேகம் வேறு.

அடுத்தது அழுத்தம். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டி உங்கள் மெஷினுக்கு 4 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார் மட்டும். மெஷினின் கையேட்டில் குறைந்தது 1 பார் என்று போட்டிருந்தால் அது தண்ணீர் இழுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். அப்போது பிரஷர் பம்ப் வேண்டும், அதற்கு மின் இணைப்பு வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே பேச வேண்டிய விஷயம் இது.

கூடுதல் தொட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் எடையை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஐந்து டன். தளம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது. தொட்டியைத் தரையில் வைத்துப் பம்பால் ஏற்றுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் தொழிலுக்குத் தண்ணீரின் கடினத்தன்மையும் பாருங்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் மிகக் கடினமான தண்ணீர். சோப்பு நுரைக்காது, ஹீட்டரில் உப்பு படியும். ஒரு பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

புத்தகக் கடைக்காரர்: முன்பு இருந்தவர் தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்துப் போயிருக்கிறார். எங்கள் தலையில் விழுமா?

விழாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுங்கள், மீட்டர் எண்ணும் ரீடிங்கும் சேர்ந்து தெரிய வேண்டும். உரிமையாளரையும் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதே நாளில் தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்கும் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது. மீட்டரில் கறுப்பு எண்கள் பெரும்பாலும் கன மீட்டர், அதாவது ஒன்றுக்கு 1,000 லிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழுள்ள பின்னம்.

முதல் வாரத்திலேயே இரவுச் சோதனை ஒன்றும் செய்யுங்கள். கடை மூடும்போது ரீடிங், காலையில் திறக்கும்போது ரீடிங். தொட்டி நிரம்பி மிதவை வால்வு மூடிய பிறகு எடுங்கள், இல்லையென்றால் தொட்டி நிரம்பியதையே கசிவு என்று நினைத்துவிடுவீர்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினாலும் நாளுக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கன மீட்டர். பெரும்பாலும் குற்றவாளி டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்தான். அதில் கொஞ்சம் சாயம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். ஃப்ளஷ் பண்ணாமலே கீழே நிறம் வந்தால் வாஷர் போய்விட்டது.

இன்னொரு கடைக்காரர்: ஒரே கட்டடத்தில் மூன்று கடை, ஒரே மீட்டர். கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?

கடைக்கு ஒரு துணை மீட்டர் மாட்டுங்கள். ஆள் கணக்கு, சதுர அடிக் கணக்கு எல்லாம் ஆறு மாதத்தில் சண்டையில் முடியும்.

தையல் நிலையம் வைத்திருப்பவர்: புது இடத்தில் கழிவறையில் சாக்கடை நாற்றம் தாங்கவில்லை. எங்கும் அடைப்பு இல்லை.

ஒவ்வொரு வடிகாலுக்கும் வாஷ்பேசினுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஒருநாள் பாருங்கள். கீழே வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. பூட்டிய இடத்தில் அது காய்ந்திருக்கும். ஊற்றியபின்னும் நாற்றம் திரும்பினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

பல் மருத்துவர்: நாற்காலிகளோடு கிளினிக்கை மாற்றுகிறோம். தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு டாக்டர், உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம். நாற்காலிக்குள் ஓடும் குழாய்கள் மிக மெல்லியவை, கிருமிப்படலம் சீக்கிரம் பிடிக்கும், அந்தத் தண்ணீர் திவலையாகவே நோயாளியின் வாய்க்குள் போகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சாதாரணச் சிகிச்சைக்குச் சொல்லும் வரம்பு, மில்லிலிட்டருக்கு 500 கிருமித் தொகுதிகளுக்கு மேல் போகக் கூடாது என்பது. கழற்றும்போது லைன்களை முழுக்க வடித்துக் காற்றடித்துக் காய வையுங்கள். பாதி ஈரத்தோடு லாரியில் கிடந்தால் படலம் வளரும். மாட்டியபின் தயாரிப்பாளர் சொல்லும் மருந்தால் சுத்திகரித்து, சோதித்து, அப்புறம்தான் முதல் நோயாளி. நாற்காலித் தண்ணீர் கட்டடக் குழாய்க்குத் திரும்ப ஏறாதபடி தடுப்பு இருக்கிறதா என்பதையும் பிளம்பரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கணினி மையம் நடத்தும் தம்பி: அண்ணே, தண்ணி லைனை எப்போ ஓப்பன் பண்றது நல்லது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்துவிட்டுப் போனா திங்கள் காலையில ரெடியா இருக்கும்ல?

வேண்டாம் தம்பி. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் இதே யோசனைதான். வெள்ளி மாலை மெயின் வால்வைத் திறந்துவிட்டுப் போனார்கள். காய்ந்திருந்த பழைய ஜாயிண்ட் ஒன்று இரவில் விட்டுவிட்டது. திங்களன்று கதவைத் திறந்தபோது மேசைக்கடியில் இருந்த அத்தனை மெஷினும் தண்ணீரில். அவற்றை இறக்கி வைத்த பையன் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

காலையில் திறங்கள், ஆள் இருக்கும்போது. டேப் எல்லாம் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகத் திறக்க வேண்டும். சடாரென்று திறந்தால் தண்ணீர் மோதி ஜாயிண்ட் தெறிக்கும், உள்ளே படிந்த துருவும் பெயர்ந்து வரும். காற்று வெளியேற மேலே உள்ள ஒரு டேப்பைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். முதல் நாள் முழுக்க ஒருவர் ஒவ்வொரு அறையாகச் சுற்றி வரட்டும், இரவு போகும்போது மெயினை மூடிவிடுங்கள். கணினிகளை அதற்கப்புறம் கொண்டுவாருங்கள்.

அச்சகம் வைத்திருப்பவர்: பழைய இடத்தைக் காலி செய்யும்போது என்ன செய்துவிட்டு வர வேண்டும்?

கீசரின் மின்சாரத்தை முதலில் அணையுங்கள், அப்புறம் தண்ணீரை வடியுங்கள். மாற்றிச் செய்தால் உள்ளே சூடாக்கும் கம்பிச் சுருள் எரிந்துபோகும். தொட்டியைக் காலி செய்து மூடியைப் போட்டுவிட்டு, கடைசி ரீடிங்கைப் படம் எடுத்து, கணக்கை முடிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கணக்கை முடிக்காமல் வந்தால் அடுத்தவர் செலவழிப்பதும் உங்கள் பெயரில் ஏறும். உங்கள் மை கழுவும் தொட்டியில் மீதமிருப்பதை வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள், அதற்கென்று எடுத்துப் போகிறவர்களிடம் கொடுங்கள். புது இடத்திலும் அந்தக் கழிவுநீரை விடுவதற்கு அனுமதி தனியாக வாங்க வேண்டியிருக்கும், இப்போதே விசாரியுங்கள்.

வால்வுகளை மூடும்போது சிவப்புப் பெயிண்ட் அடித்த குழாயின் வால்வைத் தொடாதீர்கள். தீயணைப்பு லைனாக இருக்கும். மேல் மாடியில் இன்னும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.