இருபது லட்சம் ரெக்கார்டுக்கு எத்தனை கமிட்?

கேள்வி: எங்கள் துணிக்கடையின் பழைய விற்பனைக் கணக்கு, 20 லட்சம் ரெக்கார்டு, சிஎஸ்வி ஃபைலாக இருக்கிறது. அதை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஏற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். ஐந்து மணி நேரம் ஓடியும் முடியவில்லை. அப்புறம் மொத்தத்தையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது) போட்டேன், வேகமாகத்தான் போனது. ஆனால் 18 லட்சம் தாண்டி ஒரு தப்பான தேதியில் புரோகிராம் நின்றுவிட்டது. ஏறியதைத் திரும்ப எடுக்கும் ரோல்பேக் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தயவுசெய்து இன்னொரு தடவை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி, ஒவ்வொரு ரெக்கார்டையும் அன்டூ லாக் என்ற பழைய நிலைக் குறிப்பைப் பார்த்துத்தான் திரும்ப எடுக்கும், சர்வர் மறுபடி எழுந்தாலும் மிச்ச வேலையைப் பின்னணியில் தொடரும். அது முடிகிறவரை பொறுத்திருப்பதுதான் வழி. (போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸில் ரோல்பேக் உடனே முடியும், ஆனால் செத்த ரெக்கார்டுகள் வேக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடும்வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.)

சரி, முதல் தடவை ஏன் இழுத்தது? மைஎஸ்கியூஎல்லில் ஆட்டோகமிட் தானாகவே ஆன் ஆகி இருக்கும், அதனால் நீங்கள் சொல்லாமலே ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் (ரெக்கார்டு சேர்க்கும் கட்டளை) ஒரு கமிட், அதாவது 'இதை நிரந்தரமாக்கு' என்ற உத்தரவு, ஒவ்வொரு கமிட்டிலும் மாற்றங்களின் பதிவேடான லாக் நிஜமாகவே டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பு. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றும். ஒரு கமிட்டுக்கு ஒரு சுற்று என்றே வைத்தாலும் 20 லட்சம் கமிட்டுக்கு 16,666 நொடி, அதாவது நாலரை மணி நேரத்துக்கு மேல், வெறும் காத்திருப்பு மட்டும்! எஸ்எஸ்டி என்றால் இது நன்றாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

இப்போது ஆயிரம் ரெக்கார்டுக்கு ஒரு கமிட் போட்டுப் பாருங்கள். 2,000 கமிட், காத்திருப்பு 17 நொடி. பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் 200 கமிட், 2 நொடிகூட இல்லை. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் மிச்சமாவது அந்த 2 நொடிதான், இதைத்தான் பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் ஆபத்து கூடிக்கொண்டே போகும்: அன்டூ லாக் பெருக்கும், ரெக்கார்டுகள் மீதுள்ள பூட்டுகள் கடைசிவரை விடுபடாது, ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) வைத்திருந்தால் கமிட் ஆன பிறகுதான் மாற்றங்களை அனுப்பும் பைனரி லாக் வழியாக மொத்தமும் அங்கே போய்ச் சேரும், அது பின்தங்கி நிற்கும்.

உங்களுக்கு 5,000 ரெக்கார்டுக்கு ஒரு கமிட் போதும். ஆட்டோகமிட்டை ஆஃப் செய்யுங்கள், ஒரு இன்சர்ட்டிலேயே சில நூறு ரெக்கார்டுகளைச் சேர்த்து அனுப்புங்கள், முடிந்தால் பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனியாக அடையாளம் காட்டும் எண்) வரிசையில். இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள், ஒரு குட்டி டேபிளில் 'கடைசியாக ஏறிய வரி எண்' என்று ஒரே ஒரு ரெக்கார்டு வைத்து, அதையும் ஒவ்வொரு தொகுப்பின் டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே மாற்றுங்கள். வெளியே தனியாக மாற்றினால், நடுவில் கரண்ட் போகும்போது எண் ஒன்று சொல்லும், டேபிள் வேறொன்று சொல்லும். உள்ளே இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே கழியும். அடுத்த முறை தப்பான தேதி வந்தால் போவது அதிகபட்சம் 5,000 ரெக்கார்டு, அந்தத் தேதியைத் திருத்திவிட்டு அதே புரோகிராமை ஓட விடுங்கள், விட்ட வரியிலிருந்து தொடரும்.