கொட்டிலில் வளரும் செம்மறிக் குட்டிக்குத் தாது உப்பு கொடுத்தால் எடை ஏறுமா?

மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டிலிலேயே வளர்க்கிறேன், குட்டிகள் எடை ஏறவில்லை, தாது உப்பு (கால்சியம், பாஸ்பரஸ், தாமிரம் போன்ற தாதுக்கள் கலந்த தூள்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போடுங்கள். ஆனால் அது செம்மறி ஆட்டுக்கான கலவைதானா என்று பையைப் பார்த்து வாங்குங்கள்.

எங்களுக்குத் திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம், மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள். கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், மேய்த்த வரைக்கும் தாது உப்பு என்ற பேச்சே வீட்டில் கிடையாது. கொழுக்கட்டைப் புல், உதிர்ந்த வெள்வேலங்காய், வேலியோரக் கிளுவைத் தழை என்று குட்டி நாலு இடத்தில் வாய் வைக்கும். ஒன்றில் இல்லாத சத்து இன்னொன்றில் கிடைத்துவிடும். கோடையில் மட்டும் ஒரு உப்புக் கட்டியைத் தொங்கவிடுவோம்.

கொட்டிலில் நாம் போடுவதுதான் கணக்கு. முதல் வருஷம் என் குட்டிகள் தாதுச் சத்து போதாமல் சுவரில் அடித்த சுண்ணாம்பை நக்கிக்கொண்டே நின்றன, மண்ணையும் தின்றன. சரி என்று கடைக்குப் போனால் மாட்டுக்கான பையைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, எங்கள் கால்நடை டாக்டர் கண்ணில் பட்டது. மாட்டுக் கலவையில் தாமிரம் அதிகம். செம்மறியின் ஈரல் அதை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. திடீரென ஒருநாள் கண் மஞ்சளாகி, மூத்திரம் கறுஞ்சிவப்பாகி ஆடு சாய்ந்துவிடும். வெள்ளாடு கூட ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது.

இப்போது 100 கிலோ அடர்தீவனத்துக்கு (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) செம்மறிக்கான தாது உப்பு 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ கலக்கிறேன்.

கிடாய்க்குட்டி வைத்திருந்தால் இன்னொன்று. தவிடும் மக்காச்சோளமும் அள்ளிக் கொட்டினால் பாஸ்பரஸ் மிஞ்சி மூத்திரப்பையில் கல் விழும். என் கிடாய் ஒன்று காலை அகட்டி முக்கிக்கொண்டே நின்றது, வந்ததோ சொட்டுச் சொட்டுதான். டாக்டர் குறி நுனியில் புழு மாதிரி இருக்கும் துண்டை நறுக்கியதும் மணல் போலக் கல் வந்தது, பிழைத்துக்கொண்டது. கால்சியம் 2 பங்குக்கு பாஸ்பரஸ் 1 பங்கு இருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து தவிட்டைக் குறைத்து, கடலைக்கொடியும் அகத்தியும் கூட்டிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி காலியாகவே விடுவதில்லை.

அப்புறம், குடற்புழு இருக்கும் குட்டிக்கு எந்த உப்பைப் போட்டும் எடை ஏறாது. முதலில் சாணியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.