எல்லாரையும் இணைத்து வைக்கிறேன், என் வேலை தேங்குகிறது

கேள்வி: அலுவலகத்தில் யாரிடமும் சட்டென்று பழகிவிடுவேன். யாருக்கு யாரைத் தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் என் வேலை தேங்குகிறது. அப்ரைசலில் 'கவனம் சிதறுகிறது' என்று மேலாளர் எழுதிவிட்டார். பழகுவதைக் குறைத்துக்கொள்ளவா?

பதில்: பழகுவதால் அவ்வளவு நேரம் போகாது. அறிமுகம் செய்துவைத்த பிறகும் நடுவில் நிற்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் போகிறது.

முதலில் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். கேட்காமல் இருவரையும் ஒரே மெயிலில் போட்டால், உதவ வேண்டியவர் மறுக்கவும் முடியாமல் செய்யவும் மனமில்லாமல் இழுத்தடிப்பார். இப்படி எழுதலாம் (கிரெடிட் நோட் என்பது வாடிக்கையாளர் தர வேண்டிய தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு):

"விற்பனைப் பிரிவில் ஒருவருக்கு கிரெடிட் நோட் போடும் முறை பற்றி 15 நிமிடம் பேச வேண்டும். இந்த வாரம் முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லிக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், அவர் தயங்காமல் மறுக்க வழி அதுதான். விஷயமும் நேரமும் சொல்லாமல் "சும்மா பேசிப் பாருங்களேன்" என்று சேர்த்துவைத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

இருவரும் சரி என்றதும் நான்கு வரியில் அறிமுக மெயில்: யார் யார், என்ன தேவை, முதலில் யார் யாரை எப்போது அழைப்பது, "இனி என்னை மெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள்". "அவர் பதிலே போடலை, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று திரும்பி வந்தால் ஒருமுறை நினைவூட்டலாம். மறுமுறை நேரடியாகக் கேட்கச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களுடைய தாமதத்துக்கும் உங்கள் தலைதான் உருளும்.

தினமும் எல்லாரிடமும் பேசினால்தான் தொடர்பு நிற்கும் என்பதும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 சதவீதம் பேர்தான் அந்தத் தெரிந்தவரை வாரம் இரண்டு முறையாவது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 55.6 சதவீதம் பேர் எப்போதாவதுதான் பார்த்தார்கள், 27.8 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அதைவிடக் குறைவாக. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுத் தகவல் தள்ளி இருப்பவரிடமிருந்தே வருகிறது. ஆகவே பக்கத்து மேசை அரட்டையைத் தாராளமாகக் குறையுங்கள், வேறு பிரிவினரிடம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பேசினால் போதும். (ஓரிடத்தில் கேட்டதை இன்னோரிடத்தில் சொல்லும் பழக்கம் இருந்தால் இத்தனையும் வீண்.)

அப்ரைசலுக்கு ஒரு எக்செல் தாள்: தேதி, யார்–யார், எதற்கு, என்ன விளைந்தது. நான்காவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், கிடக்கட்டும். நிரம்பியவற்றில் ஒன்றிரண்டை மாதம் ஒருமுறை மேலாளரிடம் சொல்லுங்கள், ஆண்டு முடிவு வரை சேர்த்துவைக்க வேண்டாம். "எனக்கு எல்லாரையும் தெரியும்" என்பது எடுபடாது. "கணக்குப் பிரிவையும் விற்பனையையும் பேச வைத்தேன், கிரெடிட் நோட் இப்போது 9 நாளுக்குப் பதில் 3 நாளில் வருகிறது" என்றால் அவரே குறித்துக்கொள்வார்.

அதன் பிறகும் "இது உங்கள் வேலை இல்லை" என்று மேலாளர் சொன்னால், வாரத்துக்கு இரண்டு அறிமுகம் என்று வரம்பு வைத்து, மூன்றாவதாகக் கேட்பவரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.