டிசிஎல் யார் கையில் இருக்கிறது?

கேள்வி: புது டிவி வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். டிசிஎல் டிவி ஒன்று விலைக்கு ஒத்து வந்தது. கூட வந்த மச்சான், "அது சீன அரசாங்கத்தோட கம்பெனி. அடுத்தவனைக் காப்பியடிச்சே வளர்ந்தவங்க" என்று சொல்லித் தடுத்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா? அந்தக் கம்பெனி உண்மையில் யாருக்குச் சொந்தம்?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: உங்கள் மச்சான் சொன்னது 1981-க்குப் பொருந்தும். அதற்கப்புறம் நடந்தது எதையும் அவர் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. "சீனாக்காரன் கம்பெனி" என்ற ஒரே வார்த்தையோடு இந்தக் கதையை முடித்துக்கொள்வது எனக்கு ஒப்பாத விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காப்பி விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். குவாங்டோங் மாகாணத்து ஹுய்ஜோ நகரில், விவசாய எந்திரங்கள் கிடந்த பழைய கிடங்கு ஒன்றில், ஆடியோ கேசட் செய்வதற்காக 1981-ல் ஆரம்பித்த கம்பெனி இது. ஹாங்காங்கிலிருந்து ஒரு கூட்டாளி. கேசட்டுக்கு வைத்த பெயர் டிடிகே. அப்போது உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த ஜப்பான் கேசட்டின் பெயருக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் நடு எழுத்து மட்டும்தான் வேறு. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் தெரியாது, இரண்டுமே டிடிகேதான். ஜப்பான்காரர்கள் சும்மா விடவில்லை. பெயரை மாற்ற வேண்டிவந்தது. 1985-ல் வந்த புதுப் பெயர்தான் டிசிஎல்: டெலிபோன் கம்யூனிகேஷன் லிமிடெட். அப்போது அவர்கள் இறங்கியிருந்த தொழில் டெலிபோன். ரிசீவரைத் தூக்காமலே பேசக்கூடிய போனைச் செய்து விற்று, சீனாவில் முன்னணிக்கு வந்தார்கள். டிவிக்கு வந்தது 1992-ல்தான். அதுவும் சொந்தமாக டிவி தொழிற்சாலை இல்லாமல், ஒரு ஹாங்காங் கம்பெனியிடம் செய்து வாங்கி, தங்கள் பெயரில் விற்றார்கள். 1996-ல் ஹாங்காங்கின் லுக்ஸ் குழுமத்து டிவி தொழிலைத் தங்களோடு சேர்த்துக்கொண்ட பிறகுதான் காலூன்ற முடிந்தது.

சரி, யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருவோம். இங்கே மூன்று வகுப்புத் தோழர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலாசாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோயிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வு சீனாவில் 1977-ல் திரும்ப வந்தது. அந்த முதல் தொகுதியில் தேறி, குவாங்ஜோவில் ஒரே கல்லூரியில் ரேடியோ தொழில்நுட்பம் படித்தவர்கள் லி டோங்ஷெங், ஹுவாங் ஹோங்ஷெங், சென் வெய்ரோங். லி 1982-ல் அந்த கேசட் கம்பெனியில் சேர்ந்து பின்னாளில் டிசிஎல்லின் தலைவரானார். ஹுவாங் ஹாங்காங் போய் ஸ்கைவொர்த் என்ற டிவி கம்பெனியைத் தொடங்கினார். சென் கொன்கா என்ற இன்னொரு டிவி கம்பெனியின் தலைமைக்கு உயர்ந்தார். ஒரே பாடம் படித்து, ஒரே பொருளை விற்ற மூன்று பேர். ஆனால் மூன்று கம்பெனிகளின் உடைமையும் மூன்று விதம். ஸ்கைவொர்த் தனியார். கொன்கா மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் பிடியில் இருந்தது. 2025-ல் கை மாறியபோதும் சைனா ரிசோர்சஸ் என்ற இன்னோர் அரசு நிறுவனத்திடம்தான் போனது. உங்கள் மச்சானின் "அரசாங்கக் கம்பெனி" என்ற பேச்சு கொன்காவுக்குச் சரியாகப் பொருந்தும். டிசிஎல் ஹுய்ஜோ நகர நிர்வாகத்தின் சொத்தாக இருந்து, ஒரு ஒப்பந்தத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறியது.

1997-ல் நகர நிர்வாகம் லி உள்ளிட்ட கம்பெனி நிர்வாகிகளோடு போட்ட அந்த ஒப்பந்தத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கம்பெனியில் இருந்த நிகரச் சொத்து 30 கோடி யுவானுக்கு மேல் என்று கணக்கெடுத்தார்கள். அது முழுக்க நகரத்துக்கே சொந்தம், அதில் யாரும் கை வைக்க முடியாது. அடுத்த ஐந்து வருஷத்தில் வளர்வதில்தான் பங்கு. வருஷ வளர்ச்சி 10 சதவீதத்துக்குள் என்றால் நிர்வாகிகளுக்கு ஒன்றும் கிடையாது. 10-லிருந்து 25 வரை என்றால் கூடிய சொத்தில் 15 சதவீதம். 25-லிருந்து 40 வரை என்றால் 30 சதவீதம். அதற்கு மேல் போனால் 45 சதவீதம். சொத்து குறைந்தால் தண்டனையும் உண்டு. அதற்காக நிர்வாகிகள் முன்பணம் கட்டியிருந்தார்கள். கிடைத்த தொகையைக் கொண்டு அவர்கள் கம்பெனியின் பங்குகளையே வாங்கினார்கள்.

2002-ல் இது பங்குக் கம்பெனியாக மாறியபோது நகரத்தின் பங்கு 41 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. நிர்வாகிகளிடம் கால் பங்கு. ஃபிலிப்ஸ், தோஷிபா, சுமிடோமோ போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் உள்ளே வந்திருந்தன. 2004 ஜனவரி 30-ல் மொத்தக் குழுமமும் ஷென்சென் பங்குச் சந்தைக்கு வந்த அன்று நகரத்திடம் 25 சதவீதம், லியிடம் 5.59 சதவீதம். நகரத்தின் சதவீதம் சுருங்கியதே தவிர, கையில் இருந்த பங்கின் மதிப்பு பல மடங்கு ஏறியிருந்தது. பொதுச் சொத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதை நாம் எத்தனை நாட்டில் பார்த்திருக்கிறோம்! அதே மாகாணத்தில், ஊர் நிர்வாகத்தின் கையில் இருந்த கெலோன் என்ற ஃபிரிட்ஜ் கம்பெனி 2001-ல் தொடங்கி ஐந்து வருஷத்துக்குள் இரண்டு முறை கை மாறியது. அதையெல்லாம் பார்த்த பிறகு, ஹுய்ஜோ அதிகாரிகள் எழுதிய அந்த ஒப்பந்தத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. இருந்ததை விற்கவில்லை. வளர்ந்ததைப் பகிர்ந்தார்கள்.

அதே லிதான் பெரிய தவறையும் செய்தார். பங்குச் சந்தைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 28-ல், பாரிஸில் சீன அதிபர் ஹு ஜின்டாவோவும் பிரெஞ்சுப் பிரதமர் ராஃபரானும் பார்த்திருக்க, பிரான்சின் தாம்சன் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரின் டிவி தொழிலையும் சேர்த்துப் புதுக் கம்பெனி. டிசிஎல்லுக்கு 67 சதவீதம், தாம்சனுக்கு 33. அமெரிக்காவில் டிவிக்கே வழிகாட்டியாக இருந்த ஆர்சிஏ என்ற பெயரும் தாம்சனோடு சேர்ந்து வந்தது. உலகத்தில் எல்லாரையும்விட அதிகமாக டிவி செய்யப்போகிறோம் என்ற பூரிப்பு. ஆனால் அந்தத் தொழிலின் லட்சணம் அதற்கு எட்டு வருஷம் முன்பே தெரிந்திருந்தது. 1996-ல் பிரெஞ்சு அரசு தாம்சன் மல்டிமீடியாவைக் கடனோடு சேர்த்து வெறும் ஒரு ஃபிராங்குக்கு கொரியாவின் டேவூவிடம் தள்ளிவிடப் பார்த்து, எதிர்ப்பு வந்ததால் கைவிட்டது. சொந்த அரசே ஒரு ஃபிராங்கு மதிப்புப் போட்ட சரக்கு அது. தாம்சனின் பலமெல்லாம் பின்பக்கம் தடித்த பழைய பிக்சர் டியூப் டிவியில். ஐரோப்பாவிலோ ஜனங்கள் தட்டை டிவிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2005, 2006 இரண்டு வருஷமும் நஷ்டம். பங்குச் சந்தையில் கம்பெனியின் பெயருக்கு முன்னால் அபாய முத்திரை விழுந்தது. ஐரோப்பியத் தொழிலைக் கலைக்க வேண்டியதாயிற்று.

அடி வாங்கியதில் ஒன்று புரிந்தது. தட்டை டிவியைப் பிரித்துப் பார்த்தால் பேனல் என்கிற திரை, பின்விளக்கு, ஒன்றிரண்டு போர்டு, ஸ்பீக்கர், அவ்வளவுதான். விலையில் பெரும்பங்கு பேனலுக்கே போகிறது. அதைக் கொரியாவிலும் தைவானிலும் வாங்கிக்கொண்டிருக்கும்வரை டிவி கம்பெனி வெறும் பூட்டித் தரும் கூடம்தான். 2009-ல் ஷென்சென் நகர அரசோடு பாதிக்குப் பாதி சேர்ந்து, 2,450 கோடி யுவான் திட்டத்தில் சிஎஸ்ஓடி என்ற பேனல் கம்பெனியை லி தொடங்கினார். அங்கே எந்திரத்துக்குள் போகும் ஒவ்வொரு கண்ணாடித் தகடும் 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். சின்ன அறைக்குத் தரை விரிக்கலாம். அதை வெட்டினால் 55 அங்குலத் திரை ஆறு கிடைக்கும், 32 அங்குலம் என்றால் பதினெட்டு. நகர அரசு தன் பங்கில் 15 சதவீதத்தைப் பின்னர் சாம்சங்குக்குக் கொடுத்தது. காலம் திரும்பியது பாருங்கள்: 2020-ல் சாம்சங் தன் சூஜோ பேனல் தொழிற்சாலையை சிஎஸ்ஓடிக்கு விற்றது. 2024-ல் எல்ஜி தன் குவாங்ஜோ தொழிற்சாலையை 1,080 கோடி யுவானுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. காப்பியடிக்கிறவனிடம் கொரியாக்காரர்கள் தொழிற்சாலையை விற்றுவிட்டுப் போகமாட்டார்கள். இதை மச்சானிடம் சொல்லுங்கள்.

இனி எனக்குப் பிடிக்காத பகுதி. 2019-ல் குழுமத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பேனல் தொழில் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியில் தங்கியது; அதுதான் இப்போது டிசிஎல் டெக்னாலஜி. டிவி, போன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் லி உள்ளிட்ட நிர்வாகிகள் முக்கியப் பங்குதாரர்களாக உள்ள தனி ஹோல்டிங் கம்பெனிக்கு 476 கோடி யுவானுக்குப் போயின. விற்கும் இடத்திலும் லி, வாங்கும் இடத்திலும் லி. விலை போதாது என்று அப்போதே கேள்வி எழுந்தது, பங்குச் சந்தையும் விளக்கம் கேட்டது. 1997-ல் எல்லாரும் பார்க்கும்படி ஒரு கணக்குப் போட்டு, அதன்படி சம்பாதித்த மனிதர், இருபது வருஷம் கழித்து இப்படி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம். இரண்டு தொழிலையும் பிரித்தது நியாயமாக இருக்கலாம். விலையை வேற்றாள் யாராவது போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆக, நீங்கள் கடையில் பார்த்த டிவியைச் செய்வது ஹாங்காங் பங்குச் சந்தையில் உள்ள டிசிஎல் எலெக்ட்ரானிக்ஸ். அதன் பெரும்பான்மைப் பங்கு மேலே சொன்ன ஹோல்டிங் கம்பெனியிடம். பேனல் செய்யும் டிசிஎல் டெக்னாலஜியில் பெரிய பங்குதாரர் லி தரப்பு என்றாலும், பாதிக்கு மேல் யார் கையிலும் இல்லை. அரசுக்குச் சம்பந்தமே இல்லையா என்றால், சீனாவில் எந்தப் பெரிய கம்பெனியும் அப்படி இருக்க முடியாது. லியே நெடுங்காலம் அங்கே தேசிய மக்கள் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர்தான்.

இன்னொன்று. அதே கடையில் தாம்சன் டிவியும் இருந்திருக்கும். அதை டிசிஎல்லின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் 2018 முதல் அந்தப் பெயரை உரிமம் வாங்கி விற்பது நொய்டாவில் உள்ள ஓர் இந்தியக் கம்பெனி. டிசிஎல்லின் பேனல் பூட்டும் தொழிற்சாலையோ ஆரணியிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில், திருப்பதியில் இருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லி டிவியைத் திருப்பச் சொல்லுங்கள். யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்று பின்பக்க ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும்.